மதிப்பீடு எண் 3

செவ்வாய்ப்பேட்டை மண்டியில்
பரண் ஏறி எண்ணினேன்:
முந்நூற்றுப் பன்னிரண்டு பேரேடு,
சணல் கட்டிய சிட்டைகள் நாற்பது மூட்டை,
செத்த பல்லி ஒன்று.

பக்கத்துக்கு எண்பது பைசா என்றேன்.
"பழைய பேப்பர்காரன் கிலோவுக்குப் பதினாலு ரூபா குடுப்பான்,
நீங்க என்னடான்னா எங்கிட்டயே கேக்கறீங்க"
என்றார் முதலாளி.
சிரிப்பா கணக்கா தெரியவில்லை.

முதலில் குண்டூசி பிடுங்கணும்.
துருவுக்கே ஒரு நாள் போகும்.
ஊதா மை மங்கிய ஏடுகளுக்கு மட்டும் வண்ணம்,
மற்றதெல்லாம் கறுப்பு வெள்ளை.
பிறகு பெயர்: வருடம், கணக்கு, பக்கம்.
ஆத்தூர் லாரி வாடகை ஒரு கோப்புறை,
ஜவ்வரிசி ஆலைகள் ஒன்று.
'இதர' வேண்டாம் என்றேன்.
'இதர' இல்லாம வியாபாரம் ஏதுங்க என்றார்
கணக்குப்பிள்ளை தீர்த்தகிரி.

எண்பத்தேழாம் வருட ஏட்டில்
எதிரெதிர்ப் பக்கங்கள் இரண்டு பிரியவில்லை.
ஓடு ஒழுகி, மாவு பறந்து படிந்து,
விற்ற சரக்கே பசையாகியிருந்தது.
நீராவி காட்டிப் பார்க்கலாம்,
செலவு கொஞ்சம் கூடும் என்றேன்.

முதலாளி ஏட்டை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார்.
"நானும் தம்பியும் பாகம் பிரிஞ்ச மாசம்."

என் பென்சிலை வாங்கி
திட்டத் தாளில் அவரே எழுதினார்:
214, 215 ஒட்டியது.
ஒட்டினபடி இருக்கட்டும்.

மொத்தத்தில்
ஒரு ரூபாய் அறுபது பைசா கழித்தேன்.