பன்னிரண்டாம் இலக்கம்

சாமிமலைப் பஸ் பிந்தியதால்
ஒன்பதுக்குத் தொடங்க வேண்டிய கோட்ட மட்டப் பேச்சுப் போட்டி
ஹட்டனில் பத்தேகாலுக்குத் தொடங்கியது.
தலைப்பு: நேரத்தின் பெறுமதி.

நடுவர் மூவரில் நான் இடப்பக்கம்.
முன்னே ஆறிய பிளேன்டீ, புள்ளித்தாள்.
குரலுக்கு இருபது, உச்சரிப்புக்கு இருபது,
நேரக் கட்டுப்பாட்டுக்குப் பத்து.

தரம் ஏழுப் பிள்ளைகள்.
பெயர் சொல்லக் கூடாது, இலக்கம் மட்டும்.
முதலாம் இலக்கம் கைகூப்பியது.
"பொன்னான நேரத்தை மண்ணாக்கலாமா?" என்று கேட்டு
வலது கையை விரித்தது.
நான்காம் இலக்கமும் அதே இடத்தில் அதே கையை.
ஏழாம் இலக்கம் இடது கையை விரித்துவிட்டு
அவசரமாய் மாற்றிக்கொண்டது.

குறை சொல்லவில்லை.
புதன்கிழமை ஐந்தாம் பாடவேளையில்
நானும் அதைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன்:
பின்சுவரைப் பார். மூச்சை எடு.
இந்தச் சொல்லில் நிறுத்து, இங்கே கையை விரி.

யன்னலால் வந்த பனி
மூன்றாம் வரிசைவரை உட்கார்ந்திருந்தது.
பதினொரு பேர் முடிந்தார்கள்.
பதினொரு முறை எழுதினேன்: குரல் போதாது.
ஓரிடத்தில், சற்றும் போதாது.
எல்லாரும் நாடியை உயர்த்தி
எக்கி எக்கிப் பேசியதை
மேடைக் கூச்சம் என்று எடுத்துக்கொண்டேன்.

பன்னிரண்டாம் இலக்கம்
வணக்கம் சொல்லவில்லை.
மைக்கை அண்ணாந்து பார்த்தது.
காலையில் வரவேற்புரை சொன்ன அதிபருக்கென
வைத்த உயரத்தில் அது அப்படியே நின்றது.

அவள் தண்டைப் பிடித்துத் திருகினாள்.
திருகாணி துருவேறிக் கிடந்தது.
பின்னலில் இருந்த ரிப்பனை அவிழ்த்து
ஆணியில் சுற்றி, பல்லைக் கடித்து, இரண்டு கையாலும்.
கிரீச்சென்று மண்டபம் முழுக்கக் கேட்டது.
யாரோ சிரித்தார்கள்.
நேரக்காப்பாளர் மணியைத் தொட்டபடி எங்களைப் பார்த்தார்.
நாங்கள் புள்ளித்தாளைப் பார்த்தோம்.
இதற்கு அதில் கட்டம் இல்லை.

மைக் இறங்கியது, அவள் வாய்க்கு நேரே.
நாலு நிமிடத்தில் மிச்சம் ஐம்பது விநாடி.
பொன்வரை வந்தாள், மண்ணுக்கு முன் மணி அடித்தது.
வசனத்தை நடுவில் விட்டு
ரிப்பனை விரலில் சுற்றிக்கொண்டு
இறங்கிப் போனாள்.

பதின்மூன்றாம் இலக்கத்தின் குரல்
கூரைத் தகரத்தில் பட்டுத் திரும்பியது.
பதினான்கின் குரலும். பத்தொன்பதுவரைக்கும்.
பின்வரிசையில் உறங்கிய பஸ் சாரதி
எழுந்து உட்கார்ந்தார்.

முதலிடம் பதினாறுக்கு.
நியாயமான முடிவு, மூவரும் கையொப்பமிட்டோம்.
பன்னிரண்டுக்கு நேரக் கட்டுப்பாட்டில்
பூச்சியம் போட்டது நான்தான்.
பங்குபற்றிய சான்றிதழில் பெயர் பார்த்தேன்:
கே. தர்மிளா.

பேனையால் எழுதியதை அழிக்க விதியில்லை.
பதினொரு 'போதாது'வையும் உறையில் இட்டு
ஒட்டிக்கொண்டிருந்தபோது
நன்றியுரைக்கு அதிபர் மேடையேறினார்.
மைக்கை உயர்த்தப் பார்த்தார்,
அது மசியவில்லை.
குனிந்தே பேசினார்.