நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்துக் கிணறு

ஒட்டுசுட்டான் பிரதேச செயலகம்,
காணிப் பிரிவின் மூன்றாவது மேசை.
நகுலாம்பிகை என் நாவலை விரித்து வைக்கிறாள்.
பக்க அடையாளத்துக்கு ஒரு பஸ் ரிக்கற்,
வரிக்குக் கீழே நீல மையில் கோடு.

"இஞ்சை பாருங்கோ ஐயா, அச்சிலை கிடக்கு.
கட்டுக் கிணறு. சீமெந்திலை ஒரு பிள்ளைக் கால்.
எழுபத்திநாலு ஆவணி எண்டு ஈர்க்காலை கீறினது.
அந்தக் கால் என்ரை."

உத்தியோகத்தர் கண்ணாடியைத் துடைத்துவிட்டு
வாசிக்கிறார். உதடு அசைகிறது.
பெர்மிட் எரிந்துபோனவர்கள்
என்னென்னவோ கொண்டுவருவார்களாம்:
சாமத்தியவீட்டுப் படம், உரமானியத் துண்டு,
கூட்டுறவுச் சங்கப் பங்குப் புத்தகம்.
நாவல் வந்தது இதுதான் முதல் தடவை.

"எழுதினது நீங்களோ?
அப்ப சொல்லுங்கோ,
வலதுகரையோ, இடதுகரையோ?"

புத்தகத்தில் இடதுகரை.

எப்படிச் சொல்வேன்.
ஓர் ஊரைக் கட்டுவதற்கு
ஊர் ஊராய்த் திருடியவள் நான்.
முத்தையன்கட்டுக் குளத்தை எடுத்தேன்,
அணைக்கட்டைத் திருப்பிப் போட்டேன், ஏனென்றால்
எட்டாம் அத்தியாயத்தில் சூரியன்
தண்ணீருக்குள் விழவேண்டியிருந்தது.
நெடுங்கேணியிலிருந்து பள்ளிக்கூட மணி,
மணியென்று பாலைமரத்தில் தொங்கிய தண்டவாளத் துண்டு.
மாங்குளச் சந்தியிலிருந்து ஒரு தேத்தண்ணிக் கடை,
முதலாளியின் இருமலோடு சேர்த்து.
செம்மண் எந்த ஊரதென்று தெரியாது,
செருப்போடு வந்தது.
பெயர் மட்டும் நானே வைத்தேன்: வீரையடிப்புலவு.
எந்த நில அளவைப் படத்திலும் இல்லாத ஊர்.

கிணறு அவளுடையது.
சமாதான காலத்தில் ஒரு மத்தியானம்
சைக்கிள் காற்றுப் போய் நின்றபோது
யாரோ வார்த்த தண்ணீரைக் கையேந்திக் குடித்தேன்.
குனிந்த இடத்தில் அந்தக் கால்,
ஐந்து விரலும் தெளிவாக, சின்னவிரல் சற்று விலகி.
அன்றிரவே கொப்பியில் எழுதிவிட்டேன்.
ஆனால் என் பவளத்தின் வீடு இடதுகரையில்.
சாமத்தில் கப்பி உருளும் சத்தம் கேட்டு
அவள் எழும்பி வெளியே வரவேண்டும்,
வந்தால்தான் கதை நகரும்.
ஆகவே கிணற்றைத் தூக்கி
பேராற்றைத் தாண்டி வைத்தேன்.
ஒரே ஒரு வரி. பேனைக்குப் பாரமே தெரியவில்லை.

"வலதுகரை" என்றேன்.

"அப்ப புத்தகத்திலை பொய் எழுதியிருக்கிறியள்?"

"ஓம்."

அவர் சிரிக்கவில்லை.
வெள்ளைத் தாள் ஒன்றை என் பக்கம் தள்ளினார்.
சத்தியக்கடதாசி பிறகு முடிக்கலாம்,
முதலில் கண்டதைக் கண்டபடி எழுதுங்கோ.

கிணறு. கால். பின்னால் ஒரு முதிரை.
"காற்று" என்று தொடங்கிய வசனத்தை வெட்டினேன்.
முதிரை எத்தனை அடி தள்ளி நின்றது?
அதை வெட்டவும் முடியவில்லை, சொல்லவும் முடியவில்லை.
இரண்டு மணித்தியாலத்தில் அரைப்பக்கம்.

நகுலாம்பிகை தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.
"கப்பி எண்டு போடாதேங்கோ.
எங்கடை கிணத்துக்குத் துலா."

துலாவா.
அப்படியென்றால் இத்தனை வருசமாய் என் காதில் உருளுவது
எந்த ஊர்க் கப்பி?

பஸ்ஸுக்கு நிற்கும்போது சொன்னாள்:
கிணறு தூர்ந்துபோச்சு, அதுக்குள்ளை ஈச்சம்பற்றை.
எல்லையில் காடு என்று கல் நட்டிருக்கிறார்கள்.
அடுத்த பதிப்பில் கிணற்றைச் சரியான கரைக்கே
கொண்டுவந்து விடுகிறேன் என்றேன்.

"வேண்டாம். புத்தகத்திலை அது
அங்காலையே இருக்கட்டும்.
அங்கை ஒருத்தரும் இன்னும் கல்லு நடேல்லை."

புத்தகத்தை என்னிடம் நீட்டினாள்.
பிறகு என்ன நினைத்தாளோ, திரும்ப வாங்கி
ரிக்கற் இருக்கிறதா என்று பார்த்தாள்.
பஸ்ஸின் தூசி முதிரைக்காட்டு வளைவில் தெரிந்தது.
பவளம் கதவைத் திறந்துகொண்டு வந்தாளே,
கிணற்றடியில் நின்றது ஆர், என்று கேட்டாள்.

நூற்றுப் பன்னிரண்டுக்கு அப்பால்
அவள் வாசித்திருக்கவில்லை.