எய்க்லண்ட் ஏரி

அரசாங்கக் கடிதம் வந்தபோது
கதிரறுப்பு எந்திரத்தின் அடியில் மல்லாந்து கிடந்தேன்.
ரெஜைனாவிலிருந்து, தடித்த உறை.
கிரீஸ் கையோடு பிரித்ததில்
உன் பெயர்மேல் என் கட்டைவிரல் பதிந்துவிட்டது.

மாகாணத்தின் வடக்கே
சாலை போகாத ஓர் ஏரிக்கு
இனி எய்க்லண்ட் ஏரி என்று பெயராம்.
வரைபடமும் வைத்திருந்தார்கள்:
அவரைவிதை அளவு நீலம்.

ஹால்வர், எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.
உனக்குப் போய் ஏரியா!
கிணறு வற்றி, புழுதி ஜன்னலை மூடிய வருஷங்களில்
வளர்ந்தவன் நீ.
கணுக்கால் ஆழக் குட்டையில்கூட
பூட்ஸைக் கழற்ற மாட்டாய்.
பயிற்சி முகாமிலிருந்து எழுதினாய்:
"நீச்சல் தேர்வில் என்னைக் கழியால் இழுத்தெடுத்தார்கள்.
அம்மாவிடம் சொல்லாதே."
அவள் போய்ச் சேரும்வரை சொல்லவில்லை.

வால்பக்கத்துத் துப்பாக்கி உனக்கு.
மற்ற ஆறு பேரும் போகிற திசையைப் பார்க்க
நீ ஒருவன் மட்டும்
விட்டுவந்ததைப் பார்த்தபடி போவாய்.
லிங்கன்ஷையர் ஓடுதளம் சுருங்குவதை,
கரை ஒரு நுரைக்கோடாவதை,
பிறகு எரிகிற ஊரை,
எல்லாரும் முதுகு காட்டிவிட்ட அந்த ஊரை
இருபது நிமிஷம், கண் கொட்டாமல்.
அதைப் பற்றி நீ எழுதியது ஒரே வரி:
"அறுப்பு முடிந்து கோதுமைத் தாளைக் கொளுத்துவோமே, அப்படி."
அப்பா அந்த வருஷம் தாளைக் கொளுத்தவில்லை.
உழுதுவிட்டார்.

வடகடல் உன்னைத் திருப்பித் தரவில்லை.
கல்லில் பெயர் உண்டு, கீழே ஆள் இல்லை.
பத்தொன்பது வயது, ஏழு மாதம்.

இந்த ஆகஸ்டில்தான் போக முடிந்தது.
மிதவை விமானத்தை ஓட்டியவர் ஜெரமையா ராட், க்ரீ இனத்தவர்.
நீரில் இறங்கி எஞ்சினை அணைத்ததும் சொன்னார்:
"எங்கள் ஆட்கள் இதைத்
தோணியை இரண்டு தடவை தூக்கும் இடம் என்பார்கள்."
குறையாகச் சொல்லவில்லை, தகவலாகத்தான்.
யாருக்கென்று தெரியாமல் தொப்பியைக் கழற்றினேன்.
"இரண்டு பெயரும் இருக்கட்டும்" என்றேன்.
"ஏரிக்கு இரண்டும் தெரியாது" என்று
தூண்டிலை எடுத்தார்.

கரையெல்லாம் ஒல்லி ஸ்ப்ரூஸ் மரங்கள். கொசு.
ஒரு லூன் பறவை முங்கி
நான் பார்த்துக்கொண்டே இராத பக்கத்தில் எழுந்தது.
அதுவரை மூச்சைப் பிடித்திருக்கிறேன்,
எழுந்த பிறகுதான் தெரிந்தது.

நினைவிருக்கிறதா, சனிக்கிழமைத் தொட்டி?
முதலில் அப்பா, பிறகு அம்மா, இன்கெபோர்க்,
அப்புறம் நான்.
வீட்டிலேயே பெரிய அழுக்கன் என்று
உனக்குக் கடைசி முறை.
நாங்கள் எல்லாரும் இறங்கி ஏறி
ஆறிப்போய்ச் சாம்பல் நிறத்தில் கிடந்த அதில்
முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாய்.
அந்தத் தண்ணீரையும் சொட்டு விடாமல்
உருளைக்கிழங்குப் பாத்திக்கு ஊற்றிவிட்டுத்தான் படுப்பாய்.

சட்டைக் கையைச் சுருட்டி
தோள்வரை விட்டுப் பார்த்தேன்.
அடி தெரிந்தது, கூழாங்கல்லை எண்ணலாம்.
சில்லென்றிருந்தது.
இன்று யாரும் இறங்கியிருக்கவில்லை.

இந்தத் தடவை நீ முதலில், ஹால்வர்.
ஆழமில்லை இந்த ஓரத்தில்.
நான் துண்டோடு நிற்கிறேன்.