இரண்டு பாயிண்ட்

அம்மாபேட்டை தாண்டி ஆத்தூர் ரோட்டில்
கிழங்கு மில்லின் மாடி அறை.
கீழே அரவை ஓடும்போதெல்லாம்
கிளாஸில் டீ வளையம் வளையமாக நடுங்கும்.

மூலநிரல் இல்லை என்றார்கள்.
எழுதியவர் ஆரோக்கியசாமி. அவருடைய ஹார்ட் டிஸ்க்
பழுதாகி, செவ்வாய்ப்பேட்டைக் காயலான் கடைக்குக்
கிலோ கணக்கில் போய்விட்டது.
நிரல் மட்டும் ஓடுகிறது,
பதினோரு வருஷமாக:
இரவில் உறைந்து, காலையில் விட்ட இடத்தில் விழித்து,
லோடு லோடாகக் கிழங்குக்கு விலை சொல்லி.

ஓடுவதிலிருந்து எழுதியதை எடுக்க வேண்டும் நான்.
ஜவ்வரிசியைக் கொடுத்துக்
கிழங்கைத் திருப்பிக் கேட்கிற வேலை.
தோல் எப்போதோ உரிந்துவிட்டது.
பெயர்கள் போயின. குறிப்புகள் போயின.
ஓரத்தில் அவர் யாரையாவது திட்டியிருந்தால் அதுவும் போயிற்று.
மிஞ்சியது இவ்வளவு:

தள்ளு.
தள்ளு.
கழி.
தள்ளு.
பெருக்கு.
திரும்பு.

அடுக்கில் எது மேலே, எது அடியில் என்று
விரல் மடக்கி எண்ணினேன்.
கழித்தலில் வரிசை பிசகினால் கடன் வரவாகிவிடும்.
சாயங்காலம் ஒரு வரி எழுந்து உட்கார்ந்தது:
த1-இலிருந்து த3-ஐக் கழி, வந்ததை த2-ஆல் பெருக்கு.

கருவி வைத்த பெயர்கள்,
ஆஸ்பத்திரித் தொட்டிலில் கட்டிய எண் அட்டைகள் மாதிரி.
த1 யாரென்று தெரியும், மாவுச்சத்துப் பாயிண்ட்.
த2 அன்றைய விலை.
இரண்டும் வாசல் வழியாக வருபவை.
த3 எங்கிருந்தும் வரவில்லை.
உள்ளேயே இருந்தது.

க்ளோஷர் அப்படித்தான்.
பிறந்த இடத்தை விட்டுக் கிளம்பும்போது
வேண்டியதைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளும்.
எடைமேடையைப் பூட்டி ஆள் வீட்டுக்குப் போன பிறகும்
தொப்பூர் கணவாய் இறங்குகிற லாரிக்காரர் பையில்
எடைச்சீட்டு இருக்குமே, அதுபோல.

பையைப் பிரித்தேன்.
இரண்டு.

எத்தனை பெயர் வைக்கலாம் இந்த இரண்டுக்கு!
மண். ஈரம். கூலி. கமிஷன். களவு.
எதை வைத்துக் கம்பைல் செய்தாலும்
அதே ஆறு கட்டளைகள், ஒரு பைட் மாறாது.
எப்படி என்பதை மீட்டுவிட்டேன்.
எதற்கு என்பது அங்கே இருந்ததே இல்லை.

ஆரோக்கியசாமி இப்போது ஏற்காட்டில்,
நாகலூர்ப் பக்கம், மிளகும் காப்பியும்.
போனில் முதலில் காற்றுதான் பேசியது.
“ரெண்டா? அது அந்த ஐப்பசி அடைமழைக்கும்மா.
சேத்தோட வந்துச்சு கிழங்கு.
ஒரு வாரத்துக்குன்னு போட்டேன்.
அப்புறம் சைபராக்கிட்டேனே,
மாத்தி சேவ் பண்ணினது நல்லா ஞாபகம் இருக்கு.”

ஆக்கித்தான் இருக்கிறார்.
மாற்றியது, அதைப் பெற்றெடுத்த மெத்தடை.
அதுவோ முன்பே பிறந்து
விலை அட்டவணையில் குடியேறிவிட்டது,
பழைய இரண்டோடு.
புதிதாக ஒன்றைப் பெறச் சொல்லி யாரும் கேட்கவில்லை.
அதற்குள் இன்னும் மழை விடவில்லை.

சொன்னதும் அவர் பக்கம் பேச்சில்லை.
ஒரு நாய் குரைத்தது.
“எத்தனை லோடு இருக்கும்?” என்றார்.

கீழே பெத்தநாயக்கன்பாளையத்து வண்டி ஒன்று.
இருபத்தெட்டு என்று பாயிண்ட் பார்ப்பவர் கத்தியது
மாடி வரை கேட்டது.
சீட்டில் இருபத்தாறுக்குக் காசு.
வண்டியோடு வந்த பெண் சீட்டைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தாள்.
அங்கே மில்லின் பெயரும் ஒரு பிள்ளையாரும்.
சண்டை போடவில்லை.
எல்லா மில்லிலும் இப்படித்தான் என்று
யாராவது சொல்லியிருப்பார்கள்.

“கோட் வந்துருச்சா?”
படியேறி வந்து மூச்சு வாங்குகிறார்
முதலாளியின் மகன் சஞ்சீவிகுமார்.

த3-ஐ அழித்துவிட்டு
அடைமழை என்று அடித்தேன்.
கம்பைல் ஆகும்போது இந்தப் பெயரும் உதிர்ந்துவிடும்.
மெஷினுக்கு அது தேவையில்லை.
திரையை அவர் பக்கம் திருப்பி
“படிங்க” என்றேன்.
உதடு மட்டும் அசைந்தது.
“சத்தமா, சார்.”