இரண்டு பத்து

என் குசினி விளக்கு எரிய வேண்டுமென்றால்
என் சொல் முதலில் கடல் தாண்ட வேண்டும்.
உட்துறைமுக வீதியில் புறப்பட்டு
எந்த ஊரென்றே தெரியாத ஒரு சர்வரில் இறங்கி
அனுமதி வாங்கித்
திரும்பி வந்து சுவிச்சைத் தட்டும்.
எங்கள் வீட்டில் விசா இல்லாமல் வெளிநாடு போய்வந்தது
அது ஒன்றுதான்.

ஐப்பசிக் காற்று வயரை அறுத்த அன்று
ஐந்தடி தள்ளி இருந்த பல்ப்
இணைப்பு இல்லை என்றது.
தர்மினி கதிரையில் ஏறினாள்,
கழற்றித் திரும்ப மாட்டினாள். எரிந்தது.
ஒரு வார்த்தை சொல்லவில்லை.
அந்தச் சொல்லாததைக் கேட்டுத்தான்
கொன்ட்ரோலரை மாற்ற நினைத்தேன்.
நினைத்துக்கொண்டே இருந்தேன்,
தை மாதம் கம்பனி கடிதம் போடும்வரை:
மார்ச் முப்பத்தொன்றோடு சேவை நிறுத்தம்.
அன்பான வாடிக்கையாளரே என்று தொடங்கியிருந்தது.

மத்திய வீதி முபாரிஸ் மூன்றைக் காட்டினான்.
ஒன்று வெள்ளை, வடிவு, மாதச் சந்தா.
ஒன்று மலிவு. இதுவும் ஊர் சுற்றுமா என்று கேட்டேன்,
சிரித்தான்.
மூன்றாவது, ஏதோ வங்கி கழித்துவிட்ட
சின்னக் கம்ப்யூட்டர். மூலையில்
‘கவுண்டர் 4’ ஸ்டிக்கர் உரியாமல் இருந்தது.
"இது வீட்டோடயே இருக்கும் அண்ண,
ஆனா எல்லாம் நீங்கதான் சொல்லிக் குடுக்கணும்."

நான்காம் கவுண்டரை வாங்கினேன்.
சிக்பீ டொங்கிள் தனி, நீட்டு வயர் தனி.
வாசலில் வைத்துவிட்டு
உள்ளே போய்த் தண்ணீர் குடித்து வருவதற்குள்
மான் ஒன்று அட்டைப்பெட்டியில் ஒரு பக்கத்தைத்
தின்றுவிட்டிருந்தது.
உத்தரவாதச் சீட்டு அந்தப் பக்கத்தில்.

பல்ப்பை ஆறு தரம் போட்டு ஆறு தரம் அணைத்தால்
பழையவனை மறந்துவிடும்.
சென்சருக்கு ஒரு துளை, ஐந்து விநாடி.
தர்மினியிடம் சட்டைப்பின் வாங்கிக் குத்தினேன்.
தண்ணீர் மோட்டரின் ரிலேயைத் திறந்தால்
உப்புக் காற்று செம்பில்
பச்சையாய் ஏறிப் படுத்திருந்தது.
பழைய பல் பிரஷ், கொஞ்சம் ஸ்பிரிட், பொறுமை.
முதல் விளக்கு
விரலை எடுக்குமுன் எரிந்தது.
அவ்வளவு கிட்டவா இருந்தாய் என்று
கேட்க வாய் வந்தது.

பொருட்கள் வரும், விதிகள் வராது.
அதை யாரும் முதலில் சொல்வதில்லை.
மூன்றரை வருடத்தில் எழுதிய முப்பத்தெட்டு விதிகளையும்
பழைய பெட்டியில் வாசித்துப்
புதியதில் என் கையாலேயே எழுத வேண்டும்.
ஆறேகாலுக்கு வாசல் விளக்கு.
தாங்கி நிரம்பினால் மோட்டர் நிறுத்தம்.
கேற்றடியில் மான் என்றால் எரியாதே
(மானும் மனிதனும் ஒன்றென்றே
அது கடைசிவரை நம்பியது).

முப்பத்தோராவது விதி நான் எழுதியதல்ல.
இரவு 2.10. படுக்கை அறை, மூலை விளக்கு.
வெளிச்சம் மூன்று வீதம். நான்கு நிமிடம்.
ஒவ்வொரு நாளும்.

"இது ஆர் போட்டது?"
வெண்டிக்காய் வெட்டிக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை.
"உங்கட நெஞ்சு ஒப்பரேசன் முடிஞ்சு வந்த மாதம்.
எழும்பி, மூச்சு இருக்கோ எண்டு பாப்பன்.
பெரிய லைற்றப் போட்டா முழிச்சிடுவீங்கள்."

மூன்று வருடம்.
அவள் பார்ப்பதை விட்ட பிறகும்
நாங்கள் இருவரும் தூங்க
அது மட்டும் எழும்பிப் பார்த்துவிட்டுப்
படுத்திருக்கிறது,
ஒவ்வொரு இரவும் கடல் தாண்டிப் போய்
அனுமதி வாங்கி வந்து.

"புதுசிலயும் போடவோ?"
"தேவையில்லை.
இப்ப குறட்டை கேக்குது."

முப்பத்திரண்டாவதற்குப் போனேன்.

குளியலறைச் சென்சர் மட்டும் இன்னும் சேரவில்லை.
நிமிடத்துக்கு ஒரு தரம் சிவப்பாய்ச் சிமிட்டிப்
பழையவனையே தேடுகிறது.
நாளைக்குப் பார்க்கலாம்.
சட்டைப்பின்னைத் திருப்பிக் கேட்கிறாள்.