மூன்றாவது பாத்தி

மணக்குடிக் காயலோரம்
வலை போட்டுவைக்கும் கிட்டங்கி ஒன்றை
மாத வாடகைக்கு எடுத்தோம்.
சன்னலுக்குத் தார்ப்பாய், கதவிடுக்கில் சாக்கு.
உள்ளே ஒரே ஒரு சிவப்பு பல்பு.

மணலுக்கு வெயில் படக் கூடாது.
கடைசியாகச் சூரியனைப் பார்த்த நாள் முதல்
ஒவ்வொரு மணியும்
தன் இருட்டை எண்ணிக்கொண்டே கிடக்கிறது.
யாரோ கதவைத் திறந்தால் போதும்,
எண்ணியதெல்லாம் மறந்து
இன்றைக்குத்தான் பிறந்தேன் என்று சாதிக்கும்.

பதினோரு மீட்டர் குழாயை நெடுக்காகப் பிளந்தோம்.
மேலே சேறு. சிப்பித்தூள். விரற்கடை அளவு தேரிமண்.
அப்புறம் கல்லாக இறுகிய அடுக்குகள்.
சிவப்பு வெளிச்சத்தில் எல்லாம் ஒரே நிறம்,
விரலால்தான் படிக்க வேண்டும்.

டீக்கடையில் கேட்கிறார்கள்:
"கடல் கொண்டதைத்தானே சார் தோண்டுறீங்க?"
இல்லை,
கடல் விட்டதை.
கொண்டதற்குக் கதை உண்டு, மேடை உண்டு,
மைக் பிடித்து அழ ஆள் உண்டு.
கடல் இறங்கிப் போய்
மிஞ்சிய தண்ணீர் குட்டையாகி
குட்டை ஊசி ஊசியாகி நின்றதற்கு
ஒரு வசவுகூடக் கிடையாது.

குழாய் சுமக்க வந்த கனகபாய்
புத்தளம் அளத்தில் பத்தொன்பது வருடம் உப்பு வாரியவள்.
கேட்காமலே கல்மேல் பெருவிரல் வைத்தாள்.
"இது மொதப் பாத்தியாக்கும். வழுக்கும்."
இரண்டங்குலம் மேலே:
"இது ரெண்டாவது. குத்தும்.
காலுக்குத் தெரியும் சாரே."

நான் ஒரு வாரம் நுண்ணோக்கியில் குனிந்து
சுண்ணாம்பு, ஜிப்சம் என்று எழுதியிருந்தேன்.

இன்னும் மேலேறிய விரல் நின்றது.
"மூணாவது எங்க? எரியணுமே?"

இல்லை.
ஊசிகளுக்கு மேல் நேராகக் களிமண்.

"அப்போ வத்தி முடியல்ல.
அதுக்கு முன்ன வெள்ளம் கேறிட்டு.
இல்லேன்னா உப்பு கெடந்திருக்கும்,
வந்த வெள்ளம் அலிச்சிருக்கும்."

இரண்டில் எது என்று கல் சொல்லவில்லை.

நான்கு மாதம் கழித்து எண்கள் வந்தன.
ஊசிக்குக் கீழ் மணல்: ஒரு லட்சத்து இருபத்து நாலாயிரம் வருடம்.
மேல் மணல்: ஒரு லட்சத்துப் பத்தொன்பதாயிரம்.
இரண்டுக்கும் ஏழாயிரம் முன்னே பின்னே.
ஒரு கடல் காய்ந்தது
எங்கள் பிழைக்குள்ளேயே அடங்கிவிட்டது.

கூலி வாங்க வந்தவளிடம் சொன்னேன்.
"ஏழாயிரமா!
எங்க மேஸ்திரி அரை நாளைக்கே பிடிச்சுக்கிடுவாரு"
என்று நோட்டுகளை இருமுறை எண்ணிப் போனாள்.

அறிக்கையின் அட்டவணையில்
மூன்றாவது கட்டத்தில் ஒரு கோடு போட்டேன்.

குழாயை மூடும் முன்
ஊசி முடிந்து களிமண் தொடங்கும் இடத்தை
விரலால் தடவி நாக்கில் வைத்துப் பார்த்தேன்.
கரித்தது.

ஐப்பசிப் புழுக்கம். மூடிய கிட்டங்கி.
என் வியர்வையாகவும் இருக்கலாம்.
அதை எங்கும் எழுதவில்லை.