கால்தான் விக்கெட்

டச்சுக்காரன் பெயரில் கடற்கரை.
வெள்ளைக்காரப் பிள்ளைகள் விட்டுப்போன ஆட்டம்.
அதற்குப் பெயரோ பிரெஞ்ச் கிரிக்கெட்.
ஏன் என்று கேட்டேன்.
"எனக்கென்ன தெரியும், பந்தைப் போடு"
என்றான் மெல்வின்.

மணலில் தடி நிற்காது.
ஆகவே முழங்காலுக்குக் கீழே
எது இருக்கிறதோ அது விக்கெட்.
பந்தை அடித்தால் திரும்பி நிற்கலாம்.
தவறவிட்டால்
பாதம் நட்டது நட்டபடி,
இடுப்பை மட்டும் முறுக்கி
முதுகுப் பக்கத்தைக் காக்க வேண்டும்.
விழுந்த இடத்திலிருந்தே எறிவார்கள்.
மட்டை உடம்பை ஒருமுறை சுற்றிவந்தால்
ஒரு ஓட்டம்.

மற்றதெல்லாம் எங்கள் சட்டம்.
அலைக்குள் அடித்தால் அவுட்,
நீந்தி எடுப்பதும் அடித்தவரே.
மானில் பட்டால் அந்தப் பந்து செல்லாது.
ஒரு துள்ளலில் ஒற்றைக்கைப் பிடி செல்லும்,
மற்றக் கையில் ஐஸ்பழம் இருந்தாலும்.
கச்சான்காரரின் தாச்சியில் விழுந்தால்
ஓட்டக் கணக்கு இல்லை,
ஓட்டம்தான்.

ஆவணி விடுமுறைக்கு
மூதூரிலிருந்து வந்தாள் ஜெனோஜா.
இடது முழங்காலுக்குக் கீழே
செய்து பூட்டிய கால்.
அதை மணலில் ஊன்றினாள் என்றால்
அவளைப்போல் அசையாமல் நிற்க
எங்களில் ஒருவராலும் முடியாது.
மட்டை அவளைச் சுற்றிச் சுற்றி வந்தது.
இருபத்துமூன்று.
எண்ணிக்கொண்டிருந்த நான் கொட்டாவி விட்டேன்.

அப்போதுதான் ரிஸ்னியின் பந்து.
டொக்.

கடல் மட்டும் பேசியது கொஞ்ச நேரம்.

"கால்தானே விக்கெட்.
அது கால் இல்லையே, நீ ஆடு"
என்றான் ரிஸ்னி, மணலைப் பார்த்தபடி.
"மரமெண்டா இன்னும் நல்லது,
விக்கெட்டும் மரம்தானே"
என்றுவிட்டு நாக்கைக் கடித்தான் கேதாரன்.
மெல்வின் அவன் தலையில் ஒரு குட்டு வைத்தான்.

ஜெனோஜா குனிந்து
கணுக்காலில் ஒட்டிய மணலைத் தட்டினாள்.
"இஞ்ச இருக்கிறதில
உண்மையான விக்கெட் இது ஒண்டுதான்.
அவுட்."
மட்டையைக் கேதாரனிடம் நீட்டினாள்.
பந்தை வாங்கிக்கொண்டாள்.

முதல் பந்து.
நேரே அவன் முன்னங்கால் எலும்பில்.
ஐயோ என்று குந்திவிட்டான்,
ஊதுகிறான், தேய்க்கிறான்.

"நோகுதோ?" என்றாள்.
"எனக்கு நோகேல்ல."

மட்டை என் முறைக்கு வந்தது.
கால்கள் இரண்டையும் சேர்த்துவைத்து
ஒரு மான் குறுக்கே வராதா என்று
கோட்டைப் பக்கம் பார்த்தேன்.